எட்டுப் பந்து லீக்கில் தற்காப்பு ஆட்டம்: மேசையைக் கணக்கிடுவதிலிருந்து தாளில் குறிப்பது வரை

எட்டுப் பந்து என்பது, ஒவ்வொருவரும் தம் வகையின் ஏழு பந்துகளையும் குழியில் போட்ட பிறகு எட்டாம் பந்தைப் போட்டு வெல்லும் பூல் ஆட்டம். அமெரிக்காவில் வார நாள் இரவுகளில் நடக்கும் அமெச்சூர் பூல் லீக் ஒன்றில் சில பருவங்களாக ஓர் அணியை வழிநடத்தி வருகிறேன். புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பந்தைக் குழியில் போடத் தெரிந்திருக்கிறது. போட முடியாதபோது என்ன செய்வது என்பதுதான் தெரிவதில்லை. வேண்டுமென்றே போடாமல் விடும் அடியை, அதாவது சேஃப்டியை, ஏதோ குறுக்கு வழி என்று நினைத்துக் கூச்சப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அது விதிக்கு உட்பட்ட ஆட்டம். ஆனால் அதற்கு ஒரு வரிசை உண்டு, அந்த வரிசை மாறும்போதுதான் தவறுகள் நேர்கின்றன.

கீழே சொல்லப்படும் விதிகள் ஏபிஏ எனப்படும் அமெரிக்கன் பூல்பிளேயர்ஸ் அசோசியேஷன் லீக்கைச் சார்ந்தவை. உலக விதிகளிலிருந்து முக்கியமாக மாறும் இடங்களை அங்கங்கே சுட்டியிருக்கிறேன். உங்கள் பகுதி லீக்குக்கென்று தனி விதிகள் இருந்தால் அவையே இறுதியானவை.

1. முன்கூட்டியே தேவைப்படுபவை

கருவி எதுவும் புதிதாக வாங்க வேண்டாம். இரண்டு அடிகள் மட்டும் கைவந்திருக்க வேண்டும். முதலாவது, இலக்குப் பந்தில் நேராக மோதியதும், கோலால் அடிக்கப்படும் வெள்ளைப் பந்து மோதிய இடத்திலேயே நின்றுவிடும் ஸ்டாப் ஷாட். இரண்டாவது, வேகக் கட்டுப்பாடு. வெள்ளைப் பந்தை மட்டும் வைத்து, எதிர் குஷனில், அதாவது மேசையின் ரப்பர் விளிம்பில், பட்டுத் திரும்பி உங்கள் பக்கக் குஷனுக்கு ஒரு சாண் தொலைவுக்குள் நிற்குமாறு இருபது முறை அடித்துப் பாருங்கள். இருபதில் பத்துக்கூட நிற்கவில்லை என்றால் கீழே வரும் எதுவும் மேசையில் பலிக்காது, ஏனெனில் சேஃப்டி தவறுவது பெரும்பாலும் திசையால் அல்ல, வேகத்தால்.

மது விடுதிகளில் பெரும்பாலும் இருப்பது ஏழடி மேசை; பூல் கூடங்களில் ஒன்பதடி மேசை. ஒன்றில் பழகிய வேகம் மற்றொன்றில் பொருந்தாது என்பதால், போட்டி நடக்கும் இடத்துக்குக் கால் மணி நேரம் முன்னதாகச் சென்று இந்தப் பயிற்சியை அங்கேயே ஒரு முறை செய்துவிடுவது நல்லது. குழியில் போடும் பயிற்சியை அப்போது செய்ய வேண்டியதில்லை.

2. மேசையை எண்ணுங்கள்

உங்கள் முறை வந்ததும் கோலில் சாக் பூசிக்கொண்டே மேசையை ஒரு சுற்று நடந்து வாருங்கள். விடை காண வேண்டிய கேள்வி ஒன்றுதான்: என் பந்துகள் அனைத்தையும் எட்டாம் பந்தையும் இந்த ஒரே முறையில் முடிக்க முடியுமா? நேர்மையான விடை பெரும்பாலும் ‘முடியாது’ என்பதாகவே இருக்கும், அது குறையல்ல.

முடியாது என்றால், எந்தப் பந்தில் தடைபடும் என்பதை அடுத்துக் கண்டறியுங்கள். குஷனோடு ஒட்டி நிற்கும் பந்தாக இருக்கலாம், எதிராளியின் இரண்டு பந்துகளோடு கொத்தாகச் சிக்கிய பந்தாக இருக்கலாம். அந்தச் சிக்கலை அவிழ்க்க இப்போது வழி உண்டா என்று பாருங்கள். வழி இருந்தால் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். தவறினாலும் உங்கள் மற்ற பந்துகள் மேசையில் இருந்து உங்களைக் காக்கும். வழி இல்லையென்றால் சேஃப்டிக்கான நேரம் இதுவே. ஐந்து பந்துகளைப் போட்டு முடித்த பிறகு அந்த நேரம் கடந்துவிட்டிருக்கும்.

3. எளிய பந்துகளை அவசரப்பட்டுப் போடாதீர்கள்

புதியவர்கள் அதிகம் தோற்கும் இடம் இதுவே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

எங்கள் அணிக்கு வந்த ஓர் இளைஞர் நல்ல குறிகாரர். முதல் சில வாரங்களில் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஆறு பந்துகளை மளமளவென்று போட்டுவிட்டு ஏழாவதில் நின்றுவிடுவார். எதிராளியின் ஏழு பந்துகளும் மேசையில் இருக்கும். ‘நான்தானே முன்னிலையில் இருக்கிறேன்’ என்று நாற்காலியில் அமர்ந்திருப்பார். உண்மையில் அவர் எதிராளிக்கு மேசையைப் பெருக்கிக் கொடுத்திருந்தார். எதிராளியை வழிமறிக்க நம்மவருக்கு அந்த ஒன்றைத் தவிர வேறு பந்து இல்லை. அடித்துத் தவறினாலும் எதிராளி தம் ஏழு பந்துகளுக்குப் பின்னால் வெள்ளைப் பந்தை மறைத்துவைக்கலாம். நம்மவருக்கோ அடிப்பதற்கு இருந்தது ஒரே ஒரு பந்து. அதை மறைப்பது எதிராளிக்கு மிகவும் எளிது.

ஆகவே முடிக்க முடியாத மேசையில் உங்கள் பந்துகளை எண்ணிக்கையாகப் பார்க்காதீர்கள். குழியின் வாயில் தொங்கிக்கொண்டிருக்கும் உங்கள் பந்து எங்கும் ஓடிவிடாது. அது அங்கே இருக்கும்வரை எதிராளிக்கு அந்தக் குழி அடைபட்டிருக்கிறது. அவர் தவறி அதை உள்ளே தள்ளினால் அது உங்களுக்கு லாபம். எதிராளிக்கு எந்தக் குழி மிகவும் தேவைப்படுகிறது என்று பார்த்து, உங்கள் பந்துகளில் ஒன்றை மெதுவாகத் தள்ளி அதன் வாயில் நிறுத்துவதும் ஒரு சேஃப்டிதான். அது பார்ப்பவர்களின் கண்ணில் படாது. அடுத்த நான்கு முறைகளுக்கும் வேலை செய்யும்.

4. எந்தப் பந்தை அடக்குவது என்று முடிவு செய்யுங்கள்

ஒரு மோதலில் இரண்டு பந்துகள் நகர்கின்றன. இரண்டையும் துல்லியமாக நிறுத்த முயல்கிறவர் இரண்டையும் இழக்கிறார். எது முக்கியம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மற்றதை மேசையின் ஏதோ ஒரு பாதிக்கு அனுப்பினால் போதும்.

வேகம் எப்படிப் பிரிகிறது என்று தெரிந்தால் தேர்வு எளிதாகும். நேராக மோதினால் வெள்ளைப் பந்தின் வேகம் ஏறத்தாழ முழுவதும் இலக்குப் பந்துக்குச் சென்றுவிடும். வெள்ளைப் பந்தின் மையம் இலக்குப் பந்தின் விளிம்பை நோக்கும் அரைப் பந்து மோதலில், மோதிய வேகம் 100 என்று கொண்டால், இலக்குப் பந்துக்கு ஏறத்தாழ 87 போகும், வெள்ளைப் பந்திடம் 50 எஞ்சும். கால் பந்து அளவுக்கு உரசினால் இலக்குப் பந்துக்கு 66, வெள்ளைப் பந்துக்கு 75. கூட்டினால் 100-ஐத் தாண்டுகிறதே என்று குழம்ப வேண்டாம்; இரண்டும் வெவ்வேறு திசைகளில் செல்வதால் வேகத்தை அப்படிக் கூட்ட முடியாது. வெள்ளைப் பந்து உருண்டுகொண்டே மோதினால் அந்த உருளல் அதை இன்னும் சற்று முன்னே இழுத்துச் செல்லும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை இதுதான்: வெள்ளைப் பந்து அருகிலேயே நிற்க வேண்டும் என்றால் தடிமனாக மோதுங்கள், அது தொலைவுக்குப் போக வேண்டும், இலக்குப் பந்து அதிகம் நகரக் கூடாது என்றால் மெல்லியதாக உரசுங்கள். தொடக்கநிலையில் ஸ்டாப் ஷாட் சேஃப்டியே நம்பகமானது, ஏனெனில் வெள்ளைப் பந்து எங்கே நிற்கும் என்பது அடிக்கும் முன்பே தெரிந்துவிடுகிறது.

5. மறைவிடம், அது இல்லையென்றால் தொலைவு

எதிராளியின் எல்லாப் பந்துகளையும் வெள்ளைப் பந்திலிருந்து மறைக்கும் தடைப்பந்து உங்கள் பந்தாகவோ எட்டாம் பந்தாகவோ இருக்க வேண்டும். தடைப்பந்து எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு அகலமாக மறைக்கும். வெள்ளைப் பந்து அதை ஒட்டி நின்றால் அந்தப் பக்கத்தின் 180 பாகையும் அடைபடும். நடுவே ஒரு பந்தின் அகலம், அதாவது ஏறத்தாழ 57 மில்லிமீட்டர், இடைவெளி விழுந்தால் அடைபடுவது 60 பாகை. மூன்று பந்துகளின் அகலம் விழுந்தால் 29 பாகைதான். ‘பின்னால்தானே வைத்தேன், எப்படிப் பார்த்துவிட்டார்’ என்று கேட்கிறவர்கள், பெரும்பாலும் தடைப்பந்துக்கு ஒரு சாண் பின்னால் வைத்தவர்கள்.

மறைவிடம் கிடைக்காதபோது தொலைவை நாடுங்கள். வெள்ளைப் பந்து ஒரு முனைக் குஷனோடு ஒட்டியும் எதிராளியின் பந்துகள் மறுமுனையிலும் இருந்தால், அவர் கோலை உயர்த்திப் பந்தின் மேல்பகுதியில் அடிக்க வேண்டியிருக்கும். அமெச்சூர் ஆட்டத்தில் இதுவே பாதி வெற்றி.

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு: விழுந்தால் உங்களுக்கு, விழாவிட்டால் எதிராளிக்கு எதுவும் இல்லை என்று அமையும் இருவழி அடி. குழியில் போட முயலும் ஒவ்வொரு கடினமான அடியிலும் ‘தவறினால் வெள்ளைப் பந்து எங்கே நிற்கும்’ என்று கேட்கப் பழகினால் இது தானாகவே வரும்.

6. அடிக்கும் முன் விதியைச் சரிபார்த்தல்

சேஃப்டியும் விதிப்படியான அடியாக இருக்க வேண்டும். வெள்ளைப் பந்து முதலில் உங்கள் வகைப் பந்தைத் தொட வேண்டும். அதன் பிறகு ஏதேனும் ஒரு பந்து குழியில் விழ வேண்டும், அல்லது வெள்ளைப் பந்தோ வேறு எந்தப் பந்தோ குஷனைத் தொட வேண்டும். இல்லையென்றால் ஃபவுல், எதிராளி வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்து மேசையின் எந்த இடத்திலும் வைத்து அடிக்கலாம்.

மென்மையாகத் தொட்டு அழகாக மறைத்துவிட்டு, எதுவும் குஷனைத் தொடவில்லை என்று பிறகு உணர்வதுதான் புதியவர்களின் தனிமுத்திரைத் தவறு. எந்தப் பந்து எந்தக் குஷனைத் தொடப்போகிறது என்று குனியும் முன் மனத்துக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். சொல்ல முடியவில்லை என்றால் குனியாதீர்கள்.

குஷனோடு ஒட்டிய பந்தை அடிக்கும்போது கூடுதல் கவனம் தேவை. ஒட்டியிருக்கும் பந்தை அதே குஷனில் அழுத்துவது குஷனைத் தொட்டதாகக் கணக்காகாது. அந்தப் பந்து வேறொரு குஷனுக்குப் போக வேண்டும், அல்லது விலகிச் சென்று திரும்பி வர வேண்டும், இல்லையேல் வெள்ளைப் பந்தோ மற்றொரு பந்தோ குஷனைத் தொட வேண்டும். ஒட்டியிருக்கிறது என்று அடிக்கும் முன்பே இருவரும் பார்த்து ஒப்புக்கொள்வது முறை. முன்பே சொல்லாவிட்டால் ஒட்டவில்லை என்றே கொள்ளப்படும். எனவே எதிராளியை அழைத்து, ‘ஒட்டியிருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். அரை நிமிட வேலை பத்து நிமிடச் சண்டையைத் தவிர்க்கும்.

இன்னொரு பொறி: உலக விதிகளில் ‘சேஃப்டி’ என்று அறிவித்துவிட்டு அடித்தால் உங்கள் பந்து விழுந்தாலும் முறை மாறிவிடும். ஏபிஏ ஆட்டத்தில் அப்படி இல்லை; உங்கள் பந்து தற்செயலாக விழுந்துவிட்டால் நீங்களேதான் தொடர்ந்து அடிக்க வேண்டும், நீங்களே கட்டிய சிறையிலிருந்து. குழிக்கு நேராக நிற்கும் பந்தை வைத்துத் தடிமனான சேஃப்டி ஆடாதீர்கள்.

7. வாய்விட்டுச் சொல்லுங்கள், தாளில் குறிக்கச் சொல்லுங்கள்

தற்காப்பும் விளையாட்டு நாகரிகமும் சந்திக்கும் இடம் மதிப்பெண் தாள். ஏபிஏ எட்டுப் பந்து ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் 2 முதல் 7 வரை ஸ்கில் லெவல், அதாவது திறன் நிலை, உண்டு. 7-ஆம் நிலைக்காரர் 2-ஆம் நிலைக்காரரோடு மோதினால், முன்னவர் ஏழு ஆட்டங்கள் வெல்ல வேண்டும், பின்னவருக்கு இரண்டே போதும். ஒரு சந்திப்பில் ஆடும் ஐந்து பேரின் நிலைகளையும் கூட்டினால் 23-ஐத் தாண்டக் கூடாது. ஆகவே ஒருவருடைய நிலை தவறாகப் பதிவாவது அவரை மட்டுமல்ல, இரண்டு அணிகளையும் பாதிக்கிறது.

அந்த நிலையைக் கணக்கிடும்போது வெற்றிகளுக்கு எத்தனை இன்னிங்ஸ் (இருவரும் ஒவ்வொரு முறை ஆடி முடிப்பது ஓர் இன்னிங்ஸ்) பிடித்தது என்று பார்க்கப்படுகிறது; தற்காப்பு அடிகள் அதிலிருந்து கழிக்கப்படுகின்றன. ஓர் எடுத்துக்காட்டு: மூன்று ஆட்டங்களை வெல்ல 12 இன்னிங்ஸ் ஆயின என்றால் ஓர் ஆட்டத்துக்கு நான்கு. அதில் நான்கு முறை தற்காப்பாக ஆடியிருந்தால் மிச்சம் எட்டு. ஓர் ஆட்டத்துக்கு மூன்றுக்கும் குறைவு. நான்கையும் குறிக்காமல் விட்டால் தாளில் அவர் இருப்பதைவிட மந்தமான ஆட்டக்காரராகத் தெரிவார். இதை வேண்டுமென்றே செய்து நிலையைத் தாழ்த்திக்கொள்வதற்குத்தான் ‘சாண்ட்பேகிங்’ என்று பெயர். லீக்கில் இதைவிட மோசமான வசைச்சொல் இல்லை.

குழியில் போடும் எண்ணமே இல்லாமல் அடித்தது தற்காப்பு அடி. போட முயன்று தவறியபோது எதிராளிக்கு எதுவும் கிடைக்காமல் போனது தற்காப்பு அல்ல, அதிர்ஷ்டம். எண்ணம் என்ன என்பது அடித்தவருக்குத்தான் உறுதியாகத் தெரியும். ஏபிஏ விதியில் அறிவிக்கும் கட்டாயம் இல்லாவிட்டாலும், ‘சேஃப்டி’ என்று இரு அணிகளின் குறிப்பாளர்களுக்கும் கேட்கும்படி சொல்லிவிடுங்கள். எங்கள் அணியில் இதை நான் கட்டாயமாக்கியிருக்கிறேன். தொடக்கத்தில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள்.

8. எதிராளி உங்களை மறைத்துவிட்டால்

முதல் இலக்கு விதிப்படி தொடுவது, போடுவது அல்ல. ஒரு குஷனில் பட்டு வரும் கிக் அடியில், பக்கச் சுழற்சி இல்லாமல் நடுத்தர வேகத்தில் அடித்தால், வெள்ளைப் பந்து சென்ற கோணத்துக்கு ஏறத்தாழச் சமமான கோணத்தில் திரும்பும். ஓங்கி அடித்தால் அது நிமிர்ந்து, எதிர்பார்த்ததற்கு முன்பாகவே வந்துவிடும். தப்பிக்கும் பதற்றத்தில் எல்லோரும் ஓங்கித்தான் அடிக்கிறார்கள். பந்தின் ஓரத்தைத் தவறவிடுவதற்கு அதுவே காரணம்.

தொடுவதற்கு இரண்டு பந்துகள் இருந்தால், குஷனுக்கு அருகில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பந்துக்கும் குஷனுக்கும் நடுவே வெள்ளைப் பந்து நுழைய முடியாத அளவுக்கு இடம் குறைவாக இருந்தால், நேராகப் பட்டாலும் குஷனில் பட்டுத் திரும்பினாலும் அது தொடப்படும். இலக்கு பெரிதாகிறது.

9. வெள்ளைப் பந்து கையில் கிடைத்தால்

எதிராளி ஃபவுல் செய்ததும் மிக எளிய பந்தின் முன் வைத்துப் போட்டுவிடுவது இயல்பான ஆசை. இரண்டாம் படியின் கேள்வியை மறுபடி கேளுங்கள். கொத்தை உடைக்கவோ, ஒட்டிய பந்தை விடுவிக்கவோ இதைவிட நல்ல வாய்ப்பு வராது, ஏனெனில் கோணத்தை நீங்களே தேர்ந்தெடுக்கிறீர்கள். முடிக்க வழியே இல்லாத மேசையில், இடத்தையும் நீங்களே தேர்ந்து மற்றொரு சேஃப்டி ஆடுவது முழுக்கச் சரியானது. எதிரணி முணுமுணுக்கும், பொருட்படுத்த வேண்டாம்.

பந்தை வைக்கும்போது விரலோ சட்டைக் கையோ வேறு பந்தில் படாமல் பாருங்கள். தவறியும் வேறு பந்து நகர்ந்துவிட்டால் உடனே சொல்லி, அடிக்கும் முன் அதைப் பழைய இடத்தில் வைக்கும்படி எதிராளியிடமே கேளுங்கள்.

10. மேசையைச் சுற்றிய நடத்தை

தற்காப்பு ஆட்டம் எதிராளியைச் சலிப்படையச் செய்யும். அந்தச் சலிப்பு சண்டையாகாமல் இருப்பது உங்கள் நடத்தையைப் பொறுத்தது.

உங்கள் ஃபவுலை நீங்களே சொல்லுங்கள். ஒரு முறை என் வெள்ளைப் பந்து எதிராளியின் பந்தை முடியளவு முன்னதாகத் தொட்டதை நான் உணர்ந்தேன், அவர் பார்க்கவில்லை. இரண்டு விநாடி தாமதித்துத்தான் சொன்னேன். அந்த இரண்டு விநாடியை அவர் கவனித்துவிட்டார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. பருவம் முடியும்வரை எங்கள் இருவருக்கும் பேச்சு சரியாகவில்லை.

எதிராளியின் அடி ஐயத்துக்குரியதாகத் தோன்றினால், அவர் குனியும் முன்பே நிறுத்தி, இரு தரப்பும் ஏற்கும் ஒருவரைப் பார்வையாளராக அழையுங்கள். அடித்த பிறகு எழுப்பும் ஐயத்தில், நடுவர் இல்லாதபோது, பலன் அடித்தவருக்கே செல்லும். அதைப் பற்றிப் பிறகு பொருமுவதில் பயனில்லை.

எதிராளி குனிந்திருக்கும்போது அவருடைய பார்வைக் கோட்டில் நிற்காதீர்கள், நாற்காலியில் அமருங்கள். அவர் சேஃப்டி நன்றாக ஆடினால், ‘நல்ல அடி’ என்று ஒரு முறை சொன்னால் போதும். அவருடைய அதிர்ஷ்டத்தைப் பாராட்டுவதுபோல் குத்திக் காட்டுவதைக் காட்டிலும் பேசாமல் இருப்பது மேல்.

அணியினர் கவனிக்க வேண்டியது டைம் அவுட், அதாவது ஆட்டத்தை நிறுத்தி ஆடுகிறவருக்கு யோசனை சொல்லும் இடைவேளை. 2, 3-ஆம் நிலைக்காரர்களுக்கு ஓர் ஆட்டத்துக்கு இரண்டு, மற்றவர்களுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். சேஃப்டி தேவைப்படும் தருணத்துக்கு அதைச் சேமித்து வையுங்கள். டைம் அவுட் கேட்காமல் நாற்காலியிலிருந்து கண் சாடையிலோ இருமலிலோ யோசனை சொல்வது பயிற்சியளித்தல் ஆகாது, ஏமாற்றுதல்.

எட்டாம் பந்தை எந்தக் குழியில் போடப்போகிறீர்கள் என்பதை அடையாளம் வைத்துக் காட்டுங்கள். எதிராளி பதற்றத்தில் அதை மறந்துவிட்டுக் குனிந்தால், அவர் அடிக்கும்வரை காத்திருந்து ஆட்டத்தைக் கோருவதற்கு விதி இடம் தரலாம். ஆனால் அடிக்கும் முன் நிறுத்தி நினைவூட்டவும் அதே விதி அனுமதிக்கிறது. எங்கள் அணியில் நினைவூட்டுகிறோம். அதனால் ஓர் ஆட்டத்தை இழந்தும் இருக்கிறோம். அன்று அந்த எதிராளி எட்டாம் பந்தைச் சரியாகவே போட்டார்.